மிச்சத்துக்கும் ஒரு சாமி

"குப்பையைத் தொடாதே, சீ!" என்பது வீட்டுப் பேச்சு. "குப்பையைப் பிரித்துப் போடு" என்பது பள்ளிப் பேச்சு. மலாக்காவில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேரும் ஏழு வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்டுவிடுகிறது. வீட்டில் அம்மா பிடுங்கி எறிந்த பால் டின்னை, பள்ளியில் ஆசிரியை கழுவி எடுத்துவரச் சொல்கிறார். இருவரும் பிள்ளையின் நன்மைக்காகத்தான் பேசுகிறார்கள். பிள்ளைக்குத்தான் குழப்பம். தொட்டால் நல்ல பிள்ளையா, தொடாமல் இருந்தால் நல்ல பிள்ளையா?

சமயம் தூய்மை என்று எதைச் சொல்கிறது என்ற பழைய கேள்வி இந்தக் குழப்பத்துக்குள் கிடக்கிறது. சுற்றுச்சூழல் பாடத்தை அறிவியல் புத்தகத்திலும் நன்னெறிக் கல்வி புத்தகத்திலும் சேர்த்துவிட்டோம். பள்ளி முற்றத்தில் தாளுக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் ஆரஞ்சு என மூன்று தொட்டிகள் நிற்கின்றன. நிறங்களைக் கேட்டால் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். ஏன் பிரிக்கவேண்டும் என்று கேட்டால் "அப்போதுதான் சுத்தமாக இருக்கும்" என்ற பதிலோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பதில் போதாது என்பதைக் காட்ட மலாக்காவின் குப்பைக் கதையே போதும்.

மலேசியாவில் திடக்கழிவுச் சட்டம், அதாவது 2007-ஆம் ஆண்டின் 672-ஆவது சட்டம், 2011 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் மலாக்காவும் ஒன்று. 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். அடுத்த ஆண்டு ஜூன் முதல் அபராதமும் வந்தது. தரைவீட்டுக்காரர் முதல் முறை தவறினால் 50 ரிங்கிட், அடுத்த முறை 100, மூன்றாம் முறை 500. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை லாரி, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கான லாரி. நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2023-இல் 35.38 விழுக்காட்டை எட்டியது. 2025-க்குள் 40 விழுக்காடு என்பது அரசு வைத்த இலக்கு.

லாரி போன பிறகு வாசல் சுத்தமாகிவிடும். குப்பை எங்கே போனது? ஒரு காலத்தில் மலாக்காவின் குருபோங்கில் குவிந்தது. அது மூடப்பட்டு, இப்போது சுங்கை ஊடாங்கில் குவிகிறது. அங்கேயும் மனிதர்கள் வசிக்கிறார்கள். மழை அதிகமுள்ள நாடு இது. அழுகும் சோற்றிலும் காய்கறியிலும் மழைநீர் இறங்கி, கருத்த கசிவுநீராக வடிகிறது. காற்றுப் புகாத ஆழத்தில் மீத்தேன் உண்டாகிறது. மலேசிய வீட்டுக் குப்பையில் பெரும் பங்கு உணவுக்கழிவுதான். மூன்று நிறத் தொட்டிகளில் அதற்கு இடமே இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அவர்கள் கற்றுக்கொள்ளும் மறுசுழற்சியில் தாளும் போத்தலும் இருக்கின்றன, தட்டில் ஒதுக்கிய சோறு இல்லை.

ஆகவே "சுத்தம்" என்று பிள்ளை சொல்வது, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிடுவதைத்தான். இந்தப் பழக்கத்துக்கு நம் சமய வாழ்க்கையும் கொஞ்சம் பொறுப்பு. எச்சில், தீட்டு என்ற எண்ணங்கள் உடல்நலத்துக்கு உதவிய காலங்கள் உண்டு. ஆனால் அவை ஒரு கோடு கிழித்தன. கோட்டுக்கு உள்ளே தூய்மை, வெளியே அழுக்கு. அந்த வெளியில் அழுக்கோடு சேர்த்து மனிதர்களையும் நிறுத்தினோம். ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயா நகரங்களின் சாக்கடையும் கழிவறை வாளியும் பல இடங்களில் இந்தியத் தொழிலாளர்களின் கைகளில்தான் விடப்பட்டன. தோட்டங்களில் அந்த வேலையைச் செய்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வேலையைச் சொல்லியே கூப்பிட்டார்கள். கப்பலில் சாதியும் கூடவே வந்தது. "தொடாதே, சீ!" என்று பிள்ளையிடம் சொல்லும்போது அந்தக் கோட்டை மறுபடியும் ஒருமுறை அழுத்தி வரைகிறோம் என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்க்கவேண்டும். கையைக் கழுவினால் அழுக்குப் போய்விடும். ஏழு வயதில் பதிந்த அருவருப்பு அத்தனை எளிதில் போகாது.

ரப்பர் தோட்டத்துப் பெரியவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். எங்கள் காலத்தில் குப்பையே கிடையாது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் முதலில் பயிரானது மலாக்கா மண்ணில்தான். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் 43 ஏக்கரில் தொடங்கினார், பிறகு புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் போட்டார். அந்தப் பால்மரக் காடுகளில் ஒரு சொட்டும் வீணாகவில்லை. பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்த கட்டிப்பால், வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய கோட்டுப்பால் எல்லாவற்றையும் உரித்துப் பையில் சேர்த்துக்கொண்டு வருவார்கள், அதற்குத் தனிக் கூலி உண்டு. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் கோட்டுப்பால் உரித்தார்கள். லயத்துக்குப் பின்னால் கோழியும் ஆடும் மாடும் நின்றன, மிஞ்சிய சோறு அவற்றுக்குப் போனது. சாம்பல் பாத்திரம் தேய்க்க, மாவுப்பை துணி தைக்க. பிறகு தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தன. ஆடு மாடு வரவில்லை. ஒலிபெருக்கியில் "சுராட் காபார் லாமா" என்று கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லாரிதான் மிச்சம்.

ஆனாலும் அந்தச் சிக்கனத்தை அப்படியே அறம் என்று கொண்டாடுவது சரியல்ல. வறுமை கட்டாயப்படுத்திய காரியம் அது. கோட்டுப்பால் உரித்த பிள்ளை மரத்தின் மீதான அன்பினால் உரிக்கவில்லை, அன்றைய கூலியில் சில காசு கூடவேண்டும் என்பதற்காக உரித்தது. வருமானம் உயர்ந்ததும் சிக்கனம் கழன்றுவிட்டதற்குக் காரணமும் அதுவே. வறுமை போன பிறகும் நிற்கக்கூடிய காரணம் ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்கமுடியுமா என்பதுதான் இங்கே கேள்வி.

எளிதாகக் கைக்கு வரும் காரணம் பயம். "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லாத தமிழ் வீடு அரிது. ஐந்து வயதில் அது வேலை செய்யும். பத்து வயதில் பிள்ளை சோதித்துப் பார்க்கும். போத்தலைச் சாக்கடையில் போட்டும் கண் அப்படியே இருப்பதைக் காணும். அன்றைக்குக் குப்பைப் பாடம் போவதோடு சாமியின் மீதிருந்த நம்பிக்கையும் கொஞ்சம் சேர்ந்து போகிறது. அபராதமும் ஏறக்குறைய இந்த வகைதான். பெரியவர்களுக்கு அது தேவை, சட்டம் இல்லாமல் ஊர் நடக்காது. பிள்ளைக்கு அது கற்றுத்தருவது, பார்ப்பவர் இருக்கும்போது மட்டும் ஒழுங்காக இரு என்பதைத்தான்.

இன்னொரு வழக்கம் இதைவிடக் கெடுதல் செய்கிறது. வகுப்பில் சத்தம் போட்டவனைத் திடலில் குப்பை பொறுக்க அனுப்புவது பல பள்ளிகளில் நடக்கிறது. இப்போது நாட்டுச் சட்டமும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை போடுபவருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை சமூகசேவை செய்யும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். தெருக் கூட்டுவது, சாக்கடை அள்ளுவது போன்றவைதான் அந்தச் சேவை. குற்றம் செய்தவர் தான் கெடுத்ததைத் தானே சரிசெய்யவேண்டும் என்பது நியாயம். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு என்ன தோன்றும்? கூட்டுவது தண்டனை, துடைப்பம் அவமானம் என்றுதான். அப்படியானால் தினமும் அதே தெருவைக் கூட்டிப் பிழைக்கும் மனிதர் என்ன குற்றம் செய்தார்?

சைவம் இந்த இடத்தில் வேறொரு வழியைக் காட்டிவைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த, அப்பர் எனப்படும் திருநாவுக்கரசரின் சிலையை எந்தச் சிவன் கோயிலிலும் அடையாளம் காணலாம். தோளில் ஒரு கருவி இருக்கும். அது ஆயுதமில்லை, புல் செதுக்கும் உழவாரப்படை. பல்லவ மன்னனை எதிர்த்து நின்ற பெரும் புலவர், ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்தில் முளைத்த புல்லைச் செதுக்கினார். அவருடைய தமக்கை திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகுவதையே வழிபாடாகக் கொண்டிருந்தார். சூலை நோயோடு வந்த தம்பியைச் சைவத்துக்குத் திருப்பி அழைத்தவர் துடைப்பம் பிடித்த அந்தப் பெண்தான். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிக்கு மலாக்காப் பிள்ளைகளும் அப்பரின் பதிகங்களை மனப்பாடம் செய்கிறார்கள். நாக்கில் அப்பர் ஏறிவிட்டார். அவருடைய உழவாரம் பிள்ளைகளின் கைக்கு வரவில்லை. போட்டியில் ராகத்துக்கு மதிப்பெண் உண்டு, உழவாரத்துக்கு இல்லை.

துடைப்பத்தை வழிபாட்டுக்குள் திரும்பக் கொண்டுவரமுடியும் என்பதற்குச் சபரிமலை சான்று. மலேசியாவிலிருந்தும் ஐயப்ப பக்தர்கள் ஆண்டுதோறும் அங்கே போகிறார்கள். 2011-இல் கேரளக் காவல்துறை அதிகாரி பி. விஜயன் அங்கே 'புண்ணியம் பூங்காவனம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். மாலை போட்டு வந்த பக்தர் கொஞ்ச நேரமாவது மலையைச் சுத்தம் செய்யவேண்டும், இருமுடியில் பிளாஸ்டிக் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அங்கே குப்பை பொறுக்குபவர் தவறு செய்தவர் அல்லர். விரதத்தின் ஒரு பகுதியாக அதைச் செய்கிறார்.

அப்பரைவிடவும் பிள்ளைகளுக்கு நெருக்கமானவர் ஒருவர் உண்டு. சிவன் கோயிலைச் சுற்றி வரும்போது வடக்குப் பிராகாரத்தில் சிறு சந்நிதியில் உட்கார்ந்திருக்கும் சண்டேசர். அவர் முன்னால் எல்லோரும் உள்ளங்கைகளை மெல்லத் துடைத்துக் காட்டுவார்கள். பிள்ளைகள் ஆசையாகத் தட்டியே விடுவார்கள், அர்ச்சகர் அதட்டுவார். சிவன் சொத்து எதையும் எடுத்துப்போகவில்லை என்று கணக்குக் காட்டும் செய்கை அது. இறைவனுக்குச் சூட்டிக் களைந்த மாலையும் படைத்து மிஞ்சிய அமுதும் சண்டேசருக்கு உரியவை. நிர்மாலியம் என்று அதற்குப் பெயர். காலில் படும்படி அதைப் போடக்கூடாது, கண்ட இடத்தில் வீசக்கூடாது.

அவர் யார்? பெரிய புராணம் சொல்லும் கதையில் அவர் சேய்ஞலூரைச் சேர்ந்த விசாரசருமர், பூணூல் போட்டு ஓதத் தொடங்கிய சிறுவன். மாட்டை அடித்த இடையனைக் கண்டு மனம் பொறுக்காமல், இனி நானே மேய்க்கிறேன் என்று பசுக்களை ஓட்டிச் சென்றவன். தந்தையோடு பிறகு நேர்ந்த மோதல் கடுமையானது, சிறு பிள்ளைகளிடம் அதைப் பக்குவமாகத்தான் சொல்லவேண்டும். முடிவில் சிவன் தாம் சூடிய மாலையையே அந்தச் சிறுவனின் தலையில் சுற்றுகிறார். கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் கட்டிய கோயிலில் அந்தக் காட்சி பெரிய சிற்பமாக நிற்கிறது. சைவத்தில் மிச்சத்துக்கும் ஒரு சாமி இருக்கிறார். பிராணிகளிடம் இரக்கம் காட்டிய ஒரு குழந்தையிடம்தான் மிச்சத்தைக் காக்கும் பொறுப்புக் கொடுக்கப்பட்டது. குப்பைப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதையை வெளியிலிருந்து தேடிப்பிடிக்கவேண்டியதில்லை.

கதை மட்டும் போதுமா? எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை "ஏன்?" என்று தொடர்ந்து கேட்கும். அதற்குச் சைவ சித்தாந்தத்தில் விடை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் எழுதிய சிவஞான போதம், உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது என்றும், எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மீண்டும் வரும் என்றும் தொடங்குகிறது. சற்காரியவாதம் என்பார்கள். இருக்கும் பொருள் ஒன்றுமில்லாமல் போய்விடாது, வடிவம் மாறித் தன் காரணத்துக்குத் திரும்பும். பள்ளித் தோட்டத்து மூலையில் ஒரு வாழை இலையையும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்து, பள்ளித் தவணை முடியும்போது தோண்டிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைக்குப் பாதி சித்தாந்தம் விளங்கிவிடும். இலை மண்ணாகியிருக்கும். கரண்டி கரண்டியாகவே இருக்கும். பல்லாண்டுகள் கழித்து அது நொறுங்கினாலும் மண்ணாகாது, சிறு துகள்களாகி நீரிலும் மீனிலும் போய்ச் சேரும். லாரி எடுத்துப்போனதெல்லாம் மறைந்துவிட்டது என்ற எண்ணம் அறிவியலுக்கும் ஒவ்வாது, சைவத்துக்கும் ஒவ்வாது.

நியாயமான மறுப்பு ஒன்று எழும். சித்தாந்தத்தில் உலகம் மாயையின் காரியம், சடப்பொருள். ஆன்மா கரையேறுவதுதான் குறிக்கோள். அப்படியிருக்க உலகத்தை ஏன் இவ்வளவு பேணவேண்டும்? இதற்கும் அந்தத் தத்துவமே பதில் வைத்திருக்கிறது. உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி என்ற நான்கையும் இறைவன் உயிர்கள் பக்குவப்படுவதற்காகத் தந்தான் என்கிறது அது. தனு, கரண, புவன, போகம். புவனம் ஓர் உயிருக்கு மட்டும் தரப்பட்டதில்லை. உயிர்கள் எண்ணற்றவை, எறும்பும் ஆமையும் அவற்றில் அடக்கம். மலாக்காக் கடற்கரையில் முட்டையிட வரும் அழுங்காமைக்கும் அந்தக் கடல் தரப்பட்டதுதான். இன்னோர் உயிர் பக்குவப்படுவதற்காகத் தரப்பட்ட இடத்தை அழுக்காக்குவது அதன் வழியை மறிப்பதாகும். பிள்ளையிடம் இதை "இது உனக்கு மட்டும் கொடுத்ததில்லை" என்று ஒரே வரியில் சொல்லலாம்.

மலாக்காவுக்கு என்றே ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. பொங்கலுக்கு முதல் நாள் போகி என்றால் தமிழ்நாட்டில் பழையதைக் கொளுத்துவது வழக்கம். டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்து சென்னை புகையில் மூழ்குவதால், எரிக்கவேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. மலாக்கா கஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியில் போகி வேறு மாதிரி. மலாய் பேசி, சைவம் காத்து, நூற்றாண்டுகளாக இங்கே வாழும் மலாக்கா செட்டிகள் அன்றைக்கு 'பார்ச்சு போகி' கொண்டாடுகிறார்கள். வாழை இலைகளில் முன்னோருக்குப் படைத்து, பிறகு குடும்பமே கூடி அதைச் சாப்பிடுகிறது. பழையவர்களை அழைத்து விருந்து வைக்கும் நாளாக அங்கே போகி நிலைத்துவிட்டது. முன்னோர் நினைவு, இலை, உணவு, மீந்ததைப் பகிர்வது எல்லாம் அதில் இருக்கின்றன. பக்கத்து ஊர்த் தமிழ்ப்பள்ளிகள் இதைப் பாடமாக எடுத்துச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தம் மாநிலத்தின் பெருமையும் தெரியும்.

அதே நகரத்தில் பௌத்தர்கள் எவ்வளவோ தூரம் போய்விட்டார்கள். தைவானில் தர்மாச்சாரியார் செங் யென் 1990 ஆகஸ்டு 23 அன்று தைச்சுங் நகரில் உரையாற்றினார். கூட்டம் கைதட்டியபோது, அந்தக் கைகளாலேயே குப்பையைப் பிரிக்க முன்வாருங்கள் என்ற பொருள்படக் கேட்டார். அவருடைய ட்சூ சீ அறநிறுவனத்தின் மறுசுழற்சித் தொண்டு அங்கிருந்து பிறந்தது. மலாக்காவிலும் அதற்குக் கிளை உண்டு. குடியிருப்புகளில் குறித்த நாளில் பாட்டிமார்களும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்து போத்தலையும் அட்டையையும் தரம் பிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது தியானத்துக்கு இணையான பயிற்சி. சண்டேசர் முன் கைதட்டும் நம் பிள்ளைகளின் கைகளுக்கு அப்படியொரு வேலையை நம் கோயில்கள் இன்னும் கொடுக்கவில்லை. நமக்குக் கதையும் தத்துவமும் நிறைய இருக்கின்றன, வாராந்திர ஏற்பாடுதான் இல்லை. வடக்கே பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், தைப்பூசத்தில் ஆளுக்கு ஒரு தேங்காய் உடைத்தால் போதும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கேட்டவர்கள் குறைவு. ஆனால் சமயச் சடங்கைப் பற்றியும் அப்படிக் கேட்கமுடியும் என்பதை அது காட்டியது.

மலாக்காவில் தொடங்க நல்ல இடம் மாசி மகம். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் செங் வட்டாரத்துச் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும் திருவிழா அது. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், அர்ச்சனைத் தட்டு. ரதம் கடந்த பிறகு சாலையில் கிடப்பவற்றைப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். கோயில் செய்வதைத்தான் பிள்ளை சமயம் என்று எடுத்துக்கொள்ளும், ஞாயிறு வகுப்பில் சொன்னதை அல்ல. ஆகவே முதல் மாற்றம் பந்தலில் வரவேண்டும். போத்தலுக்குப் பதில் பானையும் கழுவி வைக்கும் குவளையும், பொட்டலத்துக்குப் பதில் இலை. குவளை கழுவும் முறைப்பட்டியலில் நிருவாகத் தலைவரின் பெயர் முதலில் இருந்தால், அதற்கடுத்துத் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பிள்ளை அடம்பிடிக்கும்.

அடுத்தது களைந்த மாலைகள். ஞாயிறு சமய வகுப்புப் பிள்ளைகள் ஒரு திருவிழாவின் மாலைகள் சந்நிதியிலிருந்து எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்து பார்க்கலாம். பூவைப் பிரித்துக் கோயில் நந்தவனத்தில் உரக்குழிக்குள் போடுவது எளிது. சிக்கல் நைலான் நூலிலும் ஜிகினாவிலும் வரும், அவை மக்காது. பூக்கடைக்காரர்களோடு உட்கார்ந்து, வாழைநாரிலோ பருத்தி நூலிலோ கட்ட என்ன செலவாகும், யார் அதை ஏற்பது, அவசர நாளில் எத்தனை மாலைகளுக்கு நார் கிடைக்கும் என்று பேசவேண்டியிருக்கும். கோயில் நிருவாகம் அந்தப் பேச்சில் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது உட்காரவைத்து, விலையைக் குறித்துக்கொள்ளும் வேலையை அவர்களிடமே கொடுக்கலாம்.